கழிவு

பன்னிரண்டு வாரம் ஓடும் தொடராம்.
ராஜாவே வராத சரித்திரம் என்றாள்
கழுத்தில் ஹெட்போன் மாட்டியிருந்த பிள்ளை.
ஏழாவது வாரம் எங்களுக்கு,
முக்கூடல் பீடிக்கு.
ஆறாவது உப்பளம், எட்டாவது தபால்காரர்.

என்னை என் அம்மையாக நடிக்கச் சொன்னார்கள்.
வருஷம் எண்பத்திரண்டு.
வாடகைக்கு எடுத்த சேலை சரியாக இருந்தது.
ஜாக்கெட்டுக் கைதான் ஏறவில்லை,
பின்னால் கிழித்து ஊக்குக் குத்தினார்கள்.
காமிரா முன்பக்கம்தானே பார்க்கும்.
அன்றைக்கு அம்மை தலைப்பைப் பிடித்துக்கொண்டு
நான் நின்ற இடத்தில்
இப்போது ஒரு லைட் ஸ்டாண்டு நின்றது.

பீடிக்கடைக்காரராக நடிக்க
பீடிக்கடைக்காரர் மகனையே பிடித்து வந்திருந்தார்கள்.
சிவனணைந்த பெருமாள்.
பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே.
பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான்.
"அக்கா, ஒண்ணும் நெனச்சுக்கிடாதீய" என்றான்,
மீசை ஒட்டும்போதே.

காட்சி இதுதான்:
நான் பெட்டியை இறக்கி
நாற்பது கட்டையும் அடுக்கி வைக்கணும்.
அவன் ஒன்றைப் பிரித்து, நசுக்கிப் பார்த்து,
"கழிவு" என்று
மூன்று கட்டை என் முகத்தில் வீசணும்.

முதல் தடவை வீசியது மடியில் விழுந்தது,
கோயிலில் பூக் கொடுக்கிற மாதிரி.
இரண்டாம் தடவை சிரித்துவிட்டான்.
மூன்றாம் தடவை மீசை விழுந்தது.
"கோபம் வேணும் சார், கோபம்!"
அவனுக்கு எங்கிருந்து வரும்?
போன மாதம்தான் என் மகள் போனுக்குக் கண்ணாடி மாற்றி
பாதிக் காசு போதும் என்றவன்.

ஐந்தாம் தடவைக்கு முன்னால் நான் சொன்னேன்:
யாரும் வீசினது கிடையாதும்மா.

பிள்ளை ஹெட்போனைக் கழற்றினாள்.

வீசமாட்டாவ. வச்சுக்கிடுவாவ.
வலதுகைப் பக்கம் ஒரு சாக்கு இருக்கும்,
கழிவுன்னு சொன்ன கட்டு அதுக்குள்ள போவும்.
அட்டையில முப்பத்தேழுன்னு எழுதுவாவ.
ராத்திரி நல்லதும் கழிவும்
ஒரே லாரியில ஏறும்.

லைட் சூட்டில் ஒரு ஈசல் பொரிகிற சத்தம் கேட்டது.
சிவனணைந்தான் ஒட்டு மீசையைத் தடவிக்கொண்டே
தரையைப் பார்த்துச் சொன்னான்:
"இடதுகைப் பக்கம், அக்கா.
அப்பாவுக்கு இடதுகைதான் பழக்கம்."

பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டாள். நல்ல பிள்ளை.
நகம் கடித்தாள். பிறகு,
"எடுத்து வச்சா டிவியில தெரியாதேம்மா,
பத்திரப்படுத்துற மாதிரில்ல இருக்கும்" என்றாள்.
பத்திரம்தானம்மா படுத்தினாவ, என்றேன்.
மணி ஐந்தரை.
வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

வீசினான்.
ஒரு கட்டு பல்லில் பட்டது.
எல்லாரும் கைதட்டினார்கள்.

அவர்கள் வயர் சுருட்டும்போது
நான் குனிந்து பொறுக்கினேன். பழக்கம்.
மூணு கட்டுக்கு எழுபத்தஞ்சு.
எழுபத்திரண்டுதான் இருந்தது.
அவனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
ஸ்டாண்டுக்கு அடியில் கைவிட்டுத் தேடினான்.
இரண்டு எடுத்தான்.
இன்னொன்றை அவன் கால்தான் மிதித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போட்டார்கள்.
நான் பதினாலு வினாடி வந்தேன்.
மூலையில் பொடி எழுத்தில்
சித்தரிப்பு என்று இருந்தது.
வயலின் வாசித்தார்கள்.
என் மகள் அழுதாள்.
எதிர்வீட்டுத் தங்கபுஷ்பம் சித்தி மட்டும்
முறுக்கை வாயில் வைத்தபடியே கேட்டாள்:
"எவன் வீசினான்?
வீசியிருந்தா பெறக்கிட்டு வந்திருப்பமே ளா."

அடுத்த வாரம் உட்கார்ந்து தபால்காரரைப் பார்த்தேன்.
மழையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு
யாருக்கோ வந்த மணியார்டரை
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.
அதே மூலையில் அதே எழுத்து.

அந்தப் பையை அவர்
எந்தப் பக்கம் தொங்கவிட்டிருந்தாரோ.